ரீசெட் பட்டனும் எட்டுத் தறிகளும்

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், மொத்த வியாதியும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஜலகண்டாபுரத்தில் எங்களுக்கு எட்டு விசைத்தறிகள். கீழே தறிப் பட்டறை, மேலே ஓர் அறை. பெங்களூரு கம்பெனி வேலையை அந்த அறையில் இருந்துதான் பார்க்கிறேன். இது நடந்தபோது வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலையில் கதவைச் சாத்தினால் சாயங்காலம் வரை திரையில் பதினான்கு முகங்கள். என் மைக் மட்டும் எப்போதும் அணைந்தே இருக்கும். (தறிச் சத்தம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை என்பதே உண்மை.) அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி மீட்டிங்கில், முதன்முறையாக எனக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இன்டர்நெட் பெட்டி பட்டறையில் இருந்தது. அதன் சிக்னல் படி ஏறுவதற்குள் பாதியாகக் களைத்துவிடும்; சும்மா கேட்டுக்கொண்டிருக்க அது போதும், பேசப் போதாது. காலையில் எழுந்ததும், நானே வாங்கிவைத்திருந்த ரூட்டரை மாடியில் வைத்து, ஒயர் இழுத்து, பெட்டியோடு இணைத்தேன். விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. பெட்டியின் செட்டிங்கைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. கேபிள்காரர் செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பாஸ்வேர்டெல்லாம் தர்றதில்லீங்க. மத்தியானமா நானே வாரேன். அதுவரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க."

"அண்ணா, நான் படிச்சதே கம்ப்யூட்டர்தாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தறி முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவது எங்கள் வீட்டு வைத்தியம். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். பெட்டியின் பின்னால் ரீசெட் என்று ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அம்மாவின் ஊக்கை வாங்கி அழுத்தினேன். பச்சை விளக்கு சிவப்பானது. சிவப்பாகவே நின்றது. மணி பத்தரை.

போனில் நெட் எடுப்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான். லேப்டாப்போடு அங்கே குந்தினேன். வெயிலில் திரை தெரியவில்லை என்று அம்மா குடை பிடித்தாள். அப்பா எட்டுத் தறிகளையும் நிறுத்தினார். கரண்ட் போகாமல் எங்கள் பட்டறை பகலில் நின்று நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு அக்கா பதறிப்போய், "யாராச்சும் தவறிட்டாங்களாண்ணா?" என்று விசாரித்தாராம்.

"இல்லம்மா. புள்ள பேசப்போவுது" என்றாராம் அப்பா.

எனக்கு முன்னால் பேசியவர் பேசிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டீம் லீடர், நேரமாகிவிட்டது, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மீதி என்றால் நான். பதினான்கு முகங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன.

கீழே இறங்கியதும், "பேசிட்டயா சாமி?" என்றார் அப்பா.

"நல்லா இருந்துச்சுன்னாங்க."

தறிகள் ஓடத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் செல்வம் அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்தார். "ரீசெட் அமுக்குனீங்களா?"

"இல்லீங்களே."

"அப்பறம் எப்படிங்க எங்க செட்டிங் பூரா அழிஞ்சுது? இனி ஆபீஸ்ல இருந்துதான் ஏத்தோணும்."

போனில் பேசி ஏற்ற வைத்தார். பிறகு மாடிக்கு வந்து என் ரூட்டரைத் திருப்பினார். மஞ்சள் ஓட்டையில் நான் சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கி நீல ஓட்டையில் சொருகினார். நெட் வந்துவிட்டது.

"இவ்வளவுதானுங்க. இதெல்லாம் காலேஜுல சொல்லித்தர மாட்டாங்களாட்ட இருக்குது" என்றார், மிகுந்த மரியாதையோடு.

மத்தியானம் சோறு போடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரு மணி நேரம் குடை புடிச்சவ நானு. நீ எங்க சாமி வாயத் தொறந்த?"

அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும். எட்டுத் தறியும் நின்னு கெடந்துச்சு, மேல இருந்து ஒரு சத்தமும் வரல."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குப் புரையேறிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணம் சொன்னேன்.

இப்போதும் சாயங்காலம் நான் படியிறங்கினால் அப்பா கேட்கிறார்: "இன்னைக்காச்சும் பேச உட்டாங்களா, இல்ல நாளைக்கும் தறிய நிறுத்தோணுமா?"