மாப்ள காருக்கு நான் மட்டம் பாத்த கதை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு அட்டப்பெட்டிய பெரம்பலூர்லேருந்து பஸ்ல எடுத்துட்டுப் போயி, அரியலூர்ல என் மாப்ளகிட்ட குடுக்கணும். அவ்ளோதான்.

பெட்டிக்குள்ள ஒரு காரு. பொம்மைன்னு சொன்னா மாப்ளக்கு மூஞ்சி சுருங்கிடும். மண்ணு ரோட்டுல பள்ளம் மேடு பாக்காம ஓட்டுவாங்களே ராலி காரு, அதை பத்துல ஒரு பங்கா சுருக்கினது. ரிமோட்ல ஓடும். நாலு சக்கரத்துக்கும் நாலு ஸ்பிரிங்கு. ஒவ்வொரு ஸ்பிரிங்கு தலையிலயும் ஒரு வளையம். வளையத்தைத் திருகி இறக்கினா அந்த மூலை ஒசரும், ஏத்தினா தாழும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, பொங்கலுக்கு வந்தப்ப மாப்ள ஒரு மணி நேரம் வெளக்கினாரு. நான் பருப்புல கல்லு பொறுக்கிக்கிட்டே "ம்" கொட்டினேன். அன்னிக்கு காதுல விழாம இருந்திருந்தா இந்த வம்பே இல்ல.

மாப்ள ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஆலை வேலை. வெள்ளிக்கிழமை எங்க வூட்டுக்கு வந்து பின்னால காலி மனையில காரை ஓட்டிப் பாத்துட்டு இருந்தாரு. திடீர்னு ஷிஃப்டுக்கு கூப்பிட்டுட்டாங்க.

"அத்தை, ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா போட்டிக்குப் போயிடுவேன். பெட்டிய மட்டும் கொண்டாந்துடுங்க. நாலு பக்கமும் ஒசரம் செட் பண்ணிட்டேன். தொட வேண்டாம்."

ஏன் அவ்ளோ சொன்னாருன்னா, போன ரெண்டு போட்டியிலயும் காரு வளைவுல கவுந்துடுச்சு. ஒசரம் சரியில்லையாம். ஆறு மாசமா மனுசன் அதுலயே கெடந்தாரு. சோறு போட்டு வச்சா தட்டை ஒரு பக்கமா தூக்கிப் பாத்து யோசிக்கிறாரும்மான்னு என் பொண்ணு செல்வி பொலம்புவா. இந்தத் தடவ மொத மூணுக்குள்ள வந்தா திருச்சியில நடக்குற பெரிய போட்டிக்குப் போகலாம். அதான் விஷயம்.

நானும் தொடக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

இந்த எடத்துல எங்க வூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். கட்டினது எங்க வூட்டுக்காரர்தான். கொத்தனாரு. இப்ப இல்ல. முன்ன நாங்க வாடகைக்கு இருந்த வூட்டுல கழுவி விட்டா கூடத்து நடுவுல கொளம் நிக்கும். பன்னண்டு வருசம் கோணியால ஒத்தி எடுத்தவ நான். அதனால சொந்த வூட்டுக்குத் தரை போடுறப்ப பக்கத்துலயே நின்னுக்கிட்டேன்.

"வாட்டம் விடுங்க. தண்ணி தானா பின் வாசலுக்கு ஓடணும்."

"கூடத்துக்கு எதுக்குடி இவ்ளோ வாட்டம்? மனுசன் நிக்க வேணாமா?"

"நிப்பான். விடுங்க."

மூணு நாள் என்கூட பேசல. ஆனா விட்டாரு. இன்னிக்கும் மாத்திரை கை தவறி விழுந்தா தேட மாட்டேன். பின் வாசல்ல போயி நிப்பேன். உருண்டு வந்துடும்.

சரி, காருக்கு வரேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கேன்னு பெட்டியத் தொறந்தேன். தூசி தொடைக்கத்தான். கூடத்துல எறக்கி வச்சேன். பாத்தா ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது.

எனக்குக் கோணலா ஒண்ணு கண்ணுல பட்டா சோறு எறங்காது. பக்கத்து வூட்டுல கல்யாண போட்டோ சாஞ்சிருக்குன்னு நிமுத்தப் போயி, ஆணியோட கையில வந்து, அவங்க மூணு மாசம் என்கிட்ட மோர் வாங்க வரல. அப்பவும் புத்தி வரல.

மாப்ளக்குப் போன் போட்டேன். எடுக்கல. செல்விக்குப் போட்டேன்.

"காரு சாஞ்சிருக்குடி."

"அவரு தொட வேண்டாம்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப சாஞ்சே இருக்கட்டும். பெட்டியில வையி."

"பாவம்டி, மறுபடியும் கவுந்துட்டா?"

"அம்மா…"

போனை வச்சுட்டேன். பரண்லேருந்து எங்க வூட்டுக்காரரோட ரசமட்டத்தை எடுத்தேன். ஒரு சாண் நீளம், நடுவுல கண்ணாடிக்குள்ள ஒரு குமிழி. குமிழி நடுவுல நின்னா மட்டம், ஒதுங்கினா கோணல். கொத்தனார் பொண்டாட்டிக்கு இது தெரியாதா?

கார் கூரையில வச்சா கூரை அமுங்குது. நாலு பின்னை உருவி கூரையக் கழட்டிட்டு, உள்ள பேட்டரி மேல வச்சேன். லேசா கை பட்டதுக்கே காரு பின் வாசப் பக்கம் நகந்துச்சு. ஓடத் துடிக்குது பாருன்னு நெனச்சுக்கிட்டு, சக்கரத்துக்கு முன்னால ரெண்டு பூண்டு வச்சு நிறுத்தினேன்.

அப்புறம் வளையத்தைத் திருகினேன். இந்த மூலைய ஒசத்தினா அந்த மூலை கோச்சுக்குது. அதைத் தாழ்த்தினா இது கோச்சுக்குது. ரெண்டு மருமக இருக்குற வூடு மாதிரி. முக்கா மணி நேரம் ஆச்சு. கடைசியில குமிழி நடுவுல வந்து சமத்தா நின்னுச்சு.

மாப்ள ஆறு மாசமா கண்டுபுடிக்காததை முக்கா மணி நேரத்துல முடிச்சுட்டோம்னு ஒரு பெருமை. ரசமட்டத்தையும் பையில போட்டுக்கிட்டேன். தேவைப்படும்ல.

பஸ்ல பெட்டிய மடியில வச்சுக்கிட்டேன். கண்டக்டர் கேட்டாரு, "என்னம்மா, கேக்கா?"

"இல்லப்பா, காரு."

"சொந்தக் காரை வச்சுக்கிட்டு ஏம்மா பஸ்ல வரீங்க?"

வேகத்தடை வர்றப்பல்லாம் பெட்டியத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சேன். முன் சீட்டுக்காரரு தலையில ரெண்டு தடவ இடிச்சுது, மூணாவது தடவை அவரே குனிஞ்சுட்டாரு.

அரியலூர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால போட்டி. மண்ணுல வளைஞ்சு வளைஞ்சு பாதை போட்டிருந்தாங்க. மாப்ள தலையில சிமெண்ட் தூசியோட ஓடியாந்தாரு. "வந்துட்டீங்களா அத்தை"ன்னு பெட்டிய வாங்கி, காரைப் பரிசோதனை மேசையில வச்சாரு. மேசை மேல கண்ணாடிப் பலகை.

காரு, இடுப்புல கொடம் வச்ச பொம்பள மாதிரி ஒரு பக்கமா ஒடிஞ்சு நின்னுச்சு.

மேசைக்காரரு சொன்னாரு, "சார், இது ஒரு பக்கம் தூக்கிக்கிட்டுல்ல நிக்குது."

மாப்ள மூஞ்சி வெளுத்துடுச்சு. "அத்தை, பஸ் ரொம்ப குலுங்குச்சா?"

"குலுங்குச்சு மாப்ள. அந்த டிரைவர் ஓட்டினதை நீங்க பாத்திருக்கணும்."

பாவம் அந்த டிரைவர். பூ மாதிரி ஓட்டினாரு.

மாப்ள குனிஞ்சு, நிமிந்து, சுத்திச் சுத்திப் பாத்தாரு. "மேசைதான் மட்டமில்லையோ? யார்கிட்டயாவது ரசமட்டம் இருக்கா?"

யார்கிட்டயும் இல்ல. போட்டிக்கு வர்றவங்க அதை எதுக்குக் கொண்டாராங்க?

"என்கிட்ட இருக்கு மாப்ள"ன்னு எடுத்து நீட்டினேன்.

நீட்டின அப்புறம்தான் ஒறைச்சுது.

மாப்ள ரசமட்டத்தைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "அத்தை, இது எதுக்கு உங்க பையில இருக்கு?"

நான் கல்யாண மண்டபத்தைப் பாத்தேன்.

மேசைக்காரரு அதை வாங்கிக் கண்ணாடி மேல வச்சாரு. குமிழி நடுவுல. மேசை மட்டம். கூரைய எடுத்துட்டு கார் மேல வச்சாரு. குமிழி ஓரமா ஓடிப் போயி ஒட்டிக்கிச்சு.

"வூட்டுல நடுவுலதான் மாப்ள இருந்துச்சு"ன்னேன், மெதுவா.

"வூட்டுல எங்க வச்சுப் பாத்தீங்க?"

"கூடத்துல."

தலைதீபாவளிக்கு வந்தப்ப அந்தக் கூடத்துல பாய் போட்டுத் தூங்கி, காலையில பின் வாசப் பக்கம் கெடந்தவரு அவரு.

"மாமாவோட வாட்டமா?"

"என்னோடது மாப்ள. மாமா வேணாம்னுதான் சொன்னாரு."

அவரு மண்ணுலயே உக்காந்துட்டாரு. வேற யாரா இருந்தாலும் கிழிச்சிருப்பாரு. மாமியாராப் போயிட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பரவால்ல அத்தை. நீங்க வெயிலுக்கு இந்தக் கொடைய மட்டும் புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க"ன்னாரு.

மூணு ஓட்டம். அதுல நல்லா வந்த நேரத்தைத்தான் எடுத்துப்பாங்க. மொத ஓட்டம் அவரு வளையம் திருகிக்கிட்டு இருந்ததுலயே போயிடுச்சு. ரெண்டாவதுல காரு வளைவுல ஒரு பக்கம் தூக்குச்சு, ஆனா கவுழல. மறுபடி குனிஞ்சு ஒரு மூலைய ஒரு சுத்து சுத்தினாரு. மூணாவது ஓட்டம் ஓடுச்சு பாருங்க, கண்ணுக்கே தெரியல. நான் கொடையை விட்டுட்டு கை தட்டினேன்.

நாலாவது எடம். மூணாவது ஆளுக்கும் இவருக்கும் கண்ணு சிமிட்டுற நேரம்தான் வித்தியாசம். அந்த மொத ஓட்டம் மட்டும் கெடைச்சிருந்தா, இன்னும் ஒரு தடவை ஒசரத்தை சரி பண்ணியிருப்பாரு. திருச்சி போச்சு.

நான் கொடைய எடுத்து மடக்கி, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

பஸ் ஏத்தி விட வந்தப்ப அவரேதான் பேசினாரு. "கவுழல அத்தை. அது போதும். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவையும் நானே கொண்டாரேன் மாப்ள."

அவரு டிரைவர்கிட்ட போயி, "அண்ணே, பாத்து கூட்டிட்டுப் போங்க"ன்னாரு.

நேத்து அவரு வந்து அடுத்த போட்டிக்கான பெட்டிய வச்சுட்டுப் போயிருக்காரு. இந்தத் தடவ இரும்புப் பெட்டி. பூட்டு போட்டு, சாவி செல்விகிட்ட.

பூட்டு கொஞ்சம் கோணலாத்தான் தொங்குது. நான் தொடல.