அலாஸ்காவில் கழற்றி வைத்த காலணி

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தி, பிறரைத் தேர்வெழுத வைத்தவன் நான். என் மகள் எனக்கு வைத்த ஒரே தேர்வுக்கு வெறுங்காலோடு போய் நின்றேன்.

மனைவி இறந்த எட்டாம் மாதம், மகள் கவிதா தான் வேலை பார்க்கும் அலாஸ்காவுக்கு என்னை அழைத்துப் போனாள். இனி அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. தஞ்சாவூர் வீட்டில் தனியாக இருந்துகொள்வேன் என்பது என் கட்சி. முடிவில் ஓர் உடன்படிக்கை: வழிகாட்டியுடன் அரைநாள் பயணம். படகில் துடுப்புப் போட்டுக் கடற்கழியைக் கடந்து, அக்கரைக் காட்டில் நடந்து, பனியாற்றைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

"குழப்பம் இல்லாம முடிச்சிட்டா ஊருக்குப் போங்கப்பா. நான் வாயே திறக்க மாட்டேன்."

அன்று விடிந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. (வயது அறுபத்தொன்பது, மனம் சுற்றுலா பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்த ஆறாம் வகுப்பு.) குளிர் காதைக் கடித்தது. நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்தபடி என்னை ஆராய்ந்தது. கவிதா முன்னால் ஏறிவிட்டாள். வழிகாட்டிப் பெண் ஜென்னி படகைப் பிடித்தபடி அலையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் ஏறி, போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, ஆவேசமாகத் துடுப்பு வலித்தேன்.

அக்கரையில் இறங்கியதும் கவிதா என் காலைப் பார்த்தாள்.

"ஷூ எங்கப்பா?"

"அந்தக் கரையிலதான். பாறை ஓரமா, பத்திரமா இருக்கு."

"அந்தக் கரையிலயா!"

"கழட்டாம எப்படிம்மா படகுல ஏறுறது?"

(நான் கொள்ளிடக்கரையில் பிறந்தவன். செருப்புக்காலை ஓடத்தில் வைத்தால் ஓடக்காரர் இறக்கிவிட்டுவிடுவார். அங்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதுதான் முறை. அன்று என் கைகள் துடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தன.)

கவிதா விளக்கியதும் ஜென்னி தன் காலணியைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் படகுக்கு மரியாதைக் குறைவு செய்துவிட்டோமோ என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

"திரும்பிடலாம்ப்பா."

"முடியாது." திரும்பினால் தஞ்சாவூர் போயிற்று.

ஜென்னி தன் கம்பளிக் காலுறைகளை எனக்கு மாட்டி, மேலே இரண்டு மஞ்சள் நிற நீர்புகாப் பைகளைக் கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டினாள். அடிக்கு அடி சரக், சரக். கரடி விலகிப்போக வழியெல்லாம் குரல் கொடுக்க வேண்டுமாம். "இன்று அது தேவையில்லை" என்று ஜென்னி அறிவித்தாள்.

நாற்பது நிமிடத்தில் மரங்கள் விலகின. எதிரே மலையிடுக்கு முழுவதும் நீலப்பனி! அந்த நீலத்துக்கான காரணத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன், அதையெல்லாம் மறந்து பைக்கால்களில் குதித்தேன். சரக்! கவிதா பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"ஃபெயில்தான்ப்பா," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "ஆனா பாதியில திரும்பல. கிரேஸ் மார்க் போடுறேன். ஊருக்குப் போங்க. தினம் காலையில செருப்புப் போட்ட காலைப் படம் எடுத்து அனுப்பணும்."

ஓராண்டாக அனுப்புகிறேன், குடும்பக் குழுவில். "அத்தான், இன்னிக்குக் கரடி தப்பிச்சுதா?" என்று சீர்காழி மைத்துனர் தவறாமல் கேட்கிறார். ஒருநாள் வாசற்படியில் எடுத்த படத்தின் ஓரத்தில் என் மனைவியின் செருப்பும் விழுந்துவிட்டது. அன்று யாரும் கேலி எழுதவில்லை.

மறுநாளும் அங்கேயே நின்று எடுத்தேன்.