வேலையை ஏலம் விட்ட விவரம்

இரணியல்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள மைத்துனன் ஆன்ஸ்லினுக்கு,

அத்தான் ஜேசுதாஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்கா லீலாபாயும் பிள்ளை ஜினோவும் சுகம். கத்தாரில் நீ சுகமாயிருக்கக் குடும்ப ஜெபத்தில் தவறாமல் உன் பெயரைச் சொல்லுகிறோம்; உன் அக்கா மறந்தாலும் நான் ஞாபகப்படுத்துகிறேன். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பாதிதான் கேட்பாய் என்பதால், எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நிதானமாக வாசி.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது நீ என்ன சொன்னாய்? "அத்தான், ஒங்க கம்பெனிய கொச்சிக்காரன் வாங்கியாச்சு. இனி எல்லாம் புது மொறை. நீங்க மாறுற ஆளா? பேசாம கத்தாருக்கு வாங்க, எங்க கம்பெனி ஸ்டோர்ல ஒரு எடம் கெடக்கு." அந்த 'நீங்க மாறுற ஆளா' இருக்கிறதே, அது மீன் முள்ளு மாதிரி என் தொண்டையில் நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் பாலைவனத்தில் பெட்டி எண்ண மாட்டேன், மாறிக் காட்டுவேன் என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணினேன்.

நாகர்கோவில் ஆபீசில் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற குழுவுக்கு நான் ப்ராஜக்ட் மானேஜர் என்பது உனக்குத் தெரியும். கொச்சியிலிருந்து சபிதா மேடம் வந்து இறங்கிய அன்றே அந்தப் பதவி ஒழிந்தது. என் கேபினின் கண்ணாடிச் சுவரைக் கழற்றினார்கள், பெயர்ப் பலகையை என் கையிலேயே தந்தார்கள். இனி நான் 'கோச்'. யாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடாது, யாரையும் 'முடிஞ்சாச்சா' என்று கேட்கக் கூடாது. "பின்ன நான் என்னத்த செய்ய, மேடம்?" என்றேன். "சாரே, அவங்களுக்கு ஸ்பேஸ் கொடுங்க. மூணு மாசம் பார்ப்போம். சரிப்படலேன்னா சந்தோஷமா பிரிஞ்சிருவோம்" என்றார். அவருக்கு மட்டும் என்ன சந்தோஷமோ தெரியவில்லை.

நான் விடுவேனா? முதலில் வீட்டில் பழகிப் பார்த்தேன். சோறு ஆச்சா என்று கேட்காமல் உன் அக்காவுக்கு ஸ்பேஸ் கொடுத்தேன். ராத்திரி ஒன்பது மணிவரை அவளும் எனக்கு ஸ்பேஸ் கொடுத்தாள். அப்புறம் எட்டிப் பார்த்து, "என்ன, வயிறு செரியில்லியா? வாயத் தொறக்காம இருந்தா சோறு நடந்தா வரும்?" என்று சத்தம் போட்டாள். ஆபீசிலோ காலையில் எல்லாரும் நின்றுகொண்டே கூட்டம் நடத்த வேண்டுமாம். பத்துப் பேரும் எழுந்து நின்றதைப் பார்த்ததும், எத்தனை வருஷப் பழக்கம், என் வாய் தானாக "ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டது. எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிவிட்டார்கள், சுசீந்திரம் கோயிலுக்குத் தவறாமல் போகிற ரதீஷ் உட்பட. நான் 'ஆமென்' சொல்ல வெட்கப்பட்டு வாய் மிண்டாமல் நிற்க, அவர்கள் கண்ணைத் திறக்காமல் நிற்க, அந்த நேரம் பார்த்து சபிதா மேடம் உள்ளே வந்தார். மனதை ஒருமுகப்படுத்தும் நல்ல முயற்சி என்று சாயங்காலம் பாராட்டி மெயில் போட்டிருந்தார்.

அடுத்ததுதான் வினை. வேலைகளைச் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினால் அவரவர் விரும்பி எடுப்பார்கள் என்று கம்பெனி வைத்த பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒட்டினேன். ஒரு மனுஷன் எடுக்கணுமே! பிரீனா நகத்தைப் பார்க்கிறாள், ஜெஸ்பின் ஃபோனைப் பார்க்கிறான். எனக்கு வெப்ராளம், பதற்றம் தாங்கவில்லை. நம்ம சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற வாழைக்குலையையும் கோழியையும் முற்றத்தில் ஏலம் விளிக்கிறவன் நான்தானே? அந்தத் தொண்டை திறந்துவிட்டது மக்கா! "ஆஸ்பத்திரி பில் போடுற வேலை, நல்ல வேலை, எத்தன நாளு? கேளுங்க, கேளுங்க!" என்று சீட்டைத் தூக்கிப் பிடித்தேன். பிரீனா சிரித்துக்கொண்டே "அஞ்சு" என்றாள். ஜெஸ்பின் நிமிர்ந்து "ஆறு" என்றான். நம்ம ஊரில் ஒருத்தன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்குக் கீழே சொல்லுகிறவன் உண்டுமா? "எட்டு!" "பத்து!" வருஷா வருஷம் நம்ம ஏலத்துக்கு வந்து ஏத்தங்குலை பிடிக்கிற ரதீஷ் நாற்காலியில் ஏறி நின்று "பதினாலு!" என்றான். மூணு தரம் சொல்லி அவனுக்கே உறுதி பண்ணினேன், கைதட்டல் அடங்க நேரமாச்சு. அப்படியே எல்லாச் சீட்டும் போய்த் தீர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: யார் ரொம்பத் தாமதமாக முடிப்பார்களோ அவர்களுக்கே ஒவ்வொரு வேலையும் விழுந்திருக்கிறது!

திருத்தலாம் என்றால், பலகையில் ஏறின தேதி அந்த நிமிஷமே கம்ப்யூட்டர் வழியாக ஆஸ்பத்திரிக்கும் போய்விடுமாம், அதுதான் புது முறையாம். ஒரு மாச வேலைக்கு மூன்று மாசத் தேதி போயாச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கத்தாரில் பெட்டி எண்ணுகிற மாதிரியே கண்ணுக்குத் தெரிஞ்சுது. சாயங்காலம் ஆஸ்பத்திரி நிர்வாகி நேசம்மாள் டாக்டர் ஃபோன் பண்ணினாங்க, சபிதா மேடம் ஸ்பீக்கர்ல போட்டாங்க. "ஜேசுதாஸ், இத்தன வருசமா அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வெள்ளிக்கெழமையே வெறுத்துப்போச்சு. இப்பதான் ஒரு மனுசி நம்புற மாதிரி தேதி சொல்லியிருக்கீரு. கொள்ளாம், நல்லாருக்கு!" சபிதா மேடம் என்னையே பாத்தாங்க. நான் எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்ச மாதிரி மெல்லத் தலையை ஆட்டினேன்.

வேலையும் சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. ரதீஷ் ஏலத்துல எடுத்ததைக் கெத்தா செஞ்சு குடுத்தான். போன வெள்ளிக்கெழமை என்னை கோச்சா நிரந்தரம் பண்ணியாச்சு. கொச்சி ஆபீசுக்கும் வந்து ஏலம் விளிக்கச் சொல்லியிருக்காங்க. உள்ளதைச் சொல்லட்டா மக்கா? எனக்கு இது பிடிச்சுப்போச்சு. முந்தி ஊரான் வேலைக்கெல்லாம் நானே நாள் குறிச்சு, அதை என் தலையில சுமந்துக்கிட்டுக் கெடந்தேன். இப்ப படுத்தா தூக்கம் வருது. அதனால உன் ஸ்டோர் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துரு. உங்க அத்தான் மாறுற ஆளுதான்.

கர்த்தர் உன்னை வெயிலுக்கும் மேலதிகாரிக்கும் விலக்கிக் காப்பாராக. உன் வீட்டுக்காரி கிளாராவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ஜேசுதாஸ், கோச்.

பி.கு.: போட்டோ எடுக்கப் போகும்போது ஆபீஸ் மெயில் வந்தது. கொச்சிக்காரனை ஒரு சென்னைக்காரன் வாங்கிவிட்டானாம். நாளை முதல் பழையபடி. கண்ணாடிச் சுவர் மாட்டியாச்சாம், நான் மறுபடியும் ப்ராஜக்ட் மானேஜராம், எல்லாரையும் 'முடிஞ்சாச்சா' என்று கேட்க வேண்டுமாம். எப்படி இருக்கு! மனுஷன் ஒரு தடவை மாறுவான், ரெண்டு தடவையா மாறுவான்? என்னால முடியாது, நான் தீர்மானம் பண்ணியாச்சு. அந்த ஸ்டோர் எடத்தை யாருக்கும் விட்டுராத. உன் அக்கா என் தோளுக்கு மேலே எட்டி இதை வாசிச்சுட்டா. இப்ப உனக்கு ஃபோன் பண்ணுவா. எடுக்காத.