காளான் குழம்பில் ஒரு எலும்பு

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தாராம். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவதே அவரால்தான். தன் வீட்டில் நடப்பது மட்டும், எந்த நம்பர் கண்ணாடி போட்டாலும் அவருக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை, கடையில் வானொலி கேட்டுவிட்டு வந்தவர் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“இனிமே ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல கறி கிடையாது.”

“ஏங்க, பல்லு வலியா?”

“பூமிக்கு வலி! ஆடு மாடு வளர்க்கக் காடு காடா அழிக்கிறாங்களாம். மாடு விடற ஏப்பம்கூட மேல போய்ச் சூட்டைக் கிளப்புதாம். நம்ம பங்குக்கு நாம குறைக்க வேணாமா?”

“குறைச்சிடலாங்க,” என்றாள் மனைவி.

விடிய விடிய வாதாட வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்குச் சப்பென்று போய்விட்டது.

“அது சரி, எங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

கரண்டி கைநழுவியது. அண்ணன் என்றால் லேசுப்பட்ட அண்ணனா? தெருமுனைக் கறிக்கடையே அவருடையது. முழு ஆட்டை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடப்பார். லாரி தானாக நிற்கும். ஞாயிறு காலை நல்ல துண்டாகப் பார்த்துத் தங்கை வீட்டுக்கு அனுப்புவார். மதியம் சாப்பிட வருவார். அவரிடம் போய் உங்கள் கறி வேண்டாம் என்றால், அப்புறம் இந்த வாசற்படியை மிதிப்பாரா?

“நீயே பக்குவமா சொல்லேன்.”

“தீர்மானம் உங்களுது.”

“சொல்லாமலே காளானைப் போட்டுட்டா? கறின்னு நெனச்சுக்கட்டும்.”

“எனக்கு அந்தத் தில்லுமுல்லெல்லாம் வராது. நீங்க சமைங்க, நான் குறுக்க வரல.”

“நானா?”

“பூமிக்காகத்தானே!”

ஞாயிறு காலை மச்சான் அனுப்பிய பொட்டலம் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு டீச்சருக்குப் போனது. கடைக்காரர் அடுக்களைக்குள் நுழைந்தார். வெங்காயம் நறுக்கி அழுதார். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் துடைத்து, மறுபடி அழுதார். காளானைப் பிய்த்துப் போட்டுச் சிவக்க வறுத்து, பயறும் உருளைக்கிழங்கும் சேர்த்து, மிளகைத் தட்டிப்போட்டுச் சிறுதீயில் விட்டார். வாசனை கூடம்வரை போனதும் அவருக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. எலும்பே இல்லாத கறியை மச்சான் நம்புவாரா?

மறுபடி பின்வாசல்.

“டீச்சர், பழைய எலும்பு ஏதாவது இருக்குமா?”

“நாய் வளர்க்கிறீங்களா சார்?”

“இல்ல, மச்சான் வர்றாரு.”

நேற்றைய சூப்பிலிருந்து டீச்சர் எடுத்துக்கொடுத்ததை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, குழம்பில் நட்டார்.

மச்சான் வந்தார். உட்கார்ந்தார். முதல் தட்டை மளமளவென்று காலி செய்தார். இரண்டாவது தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். கடைசியில் எலும்பை எடுத்து, கண்ணாடியில் கீறல் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்பிள்ள, இது என் வெட்டு இல்லையே.”

“என்ன மச்சான்?”

“என் கத்தி நேரா இறங்கும். இது கொத்திக் கொத்தி எடுத்திருக்கு. இது எதிர்க்கடைக்காரன் வெட்டு.” ஆடு தூக்கும் தோள் குலுங்கியது. “என் கறியில என்ன கொறை கண்டீங்க? சொந்தத் தங்கச்சி வீட்லயே எதிர்க்கடைக் கறியா?”

“ஐயோ மச்சான், இது கறியே இல்ல! காளான்! பூமி சூடாகுதுன்னு... எலும்பு மட்டும் டீச்சருது!”

“காளானா?”

“காளான்.”

“ரெண்டு தட்டும்?”

“ரெண்டு தட்டும்.”

மச்சான் கண்ணை மூடினார். கடைக்காரரும் பயத்தில் மூடிக்கொண்டார்.

“அப்பாடா!” என்றது ஒரு குரல். “பொழுதன்னிக்கும் கறிக்கு நடுவுல நிக்கிறேன் மாப்பிள்ள. ஞாயித்துக்கிழமை தட்டுலயும் அதே மூஞ்சி! உங்களுக்குக் கறி இல்லாம சோறு இறங்காதேன்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு அனுப்புனேன். தங்கச்சிகிட்ட எத்தன தடவ பொலம்பியிருக்கேன்!”

இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் நிதானமாக மூன்றாவது கரண்டி குழம்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுமே.”

“புதன்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருக்க வேணாமே! சமைச்சிருக்கவே வேணாமே!”

“அதுக்குத்தாங்க சொல்லல.”

மச்சான் சிரித்த சிரிப்பில் டம்ளர்கள் ஆடின. கடைக்காரருக்கோ நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கிய நிம்மதி. உறவு பிழைத்தது, பூமியும் கொஞ்சம் பிழைத்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

மனைவி கையைக் கழுவிவிட்டு மாடிக்குத் தூங்கப் போனாள். மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பிரமாதம் மாப்பிள்ள. அடுத்த ஞாயிறு உப்ப மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.