அடுத்த பந்திக்கு நின்றவள்

சுயநலத்தால் இத்தனை குடும்பங்களை வாழவைத்த ஒரு பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தர்மவான்கள் பத்துப் பேர் பத்து வருஷம் பாடுபட்டாலும் நடக்காத நல்ல காரியங்களை, 'எனக்கு ஒரு வேலை வேணும்' என்ற ஒற்றை ஆசையால் தனி ஆளாக நடத்திக் காட்டினாள் ஒருத்தி. ஆக்லாந்தில் எங்கள் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் 'அடுத்த பந்தி'. உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அடிப்பாள்.

விருதுநகர்ப் பக்கத்துப் பெண். நிதித்துறையில் முதுகலை படிக்க வந்தாள், நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள், மவுண்ட் வெல்லிங்டன் மாலில் செருப்பு விற்றாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கே படித்து முடித்த முக்கால்வாசிப் பேருக்கு முதல் உத்தியோகம் இப்படித்தான் அமைகிறது. படிப்பு முடித்ததும் கொடுக்கிற விசா மூன்று வருஷம். அதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி 'இவள் எங்களுக்கு வேணும்' என்று ஸ்பான்சர் செய்யவேண்டும். இல்லையா, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் ஆபீஸ் மாதிரி சின்னக் கம்பெனிகளுக்கு அப்போது ஒரு வரம்பு இருந்தது. ஸ்பான்சர் விசாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் இருக்கலாம். ஆறாவது ஆள் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம், கூடுதல் காகிதம். எந்த முதலாளி அந்த வம்பை விலைக்கு வாங்குவான்?

இதைக் கேட்டு மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவளும் உட்கார்ந்தாள், ஆனால் யோசித்தாள். ஐந்து பேரில் ஒருவருக்கு பி.ஆர்., அதாவது இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி, கிடைத்துவிட்டால் அவர் அந்த ஐந்தில் சேரமாட்டார். ஓர் இடம் காலியாகும். அப்படியானால் நான் வேலை தேடி அலைவானேன்? வேலையில் இருப்பவனைப் பிடித்து பி.ஆர். வாங்க வைத்தால் போயிற்று! இதுதான் அவள் போட்ட கணக்கு.

நான் அவளிடம் மாட்டியது மனுகாவில் ஒரு ஹாலில் நடந்த பொங்கல் விழாவில். சர்க்கரைப் பொங்கலை அப்போதுதான் வாயில் வைத்திருந்தேன்.

"அண்ணே, உங்க ஆபீஸ்ல விசாக்காரங்க அஞ்சு பேருதான? அஞ்சாவது ஆளு நீங்கதான?"

"ஆமா... நீங்க யாரு?"

"அதை விடுங்கண்ணே. பி.ஆர். போட்டுட்டீகளா?"

"போடணும். பார்ப்போம்."

"நாலு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்கீகளாம்ல?"

பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு முகமெல்லாம் பல். "நல்லா கேளும்மா, நான் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்" என்றாள். காரில் வீடு திரும்பும்போது பெயர் வைத்ததும் அவள்தான். "கல்யாண வீட்ல சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே நிப்பாங்களே, அடுத்த பந்திக்கு! அந்த மாதிரியில்ல நிக்குது இந்தப் பொண்ணு!"

எனக்கு வெகு முன்னால் அவள் பிடித்த முதல் நாற்காலி சிவம் அண்ணையுடையது. பாபகூராவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தார். எல்லாக் காகிதமும் தயார், மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. காரணம், ரத்தம் எடுக்கிற ஊசி. ஒரு நாள் இவள் அவரை ரயிலேற்றி கிளினிக் வாசல் வரைக்கும் இழுத்துப் போய்விட்டாள். வாசலில் மனுஷன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஷெல்லடிக்கே தப்பிச்சு வந்தவரு நீங்க. ஊசிக்குப் பயப்படலாமா?"

"ஷெல் எண்டா ஓடலாம் பிள்ளை. ஊசிக்கு இருந்து கையை நீட்டவெல்லோ வேணும்!"

நீட்டவைத்தாள். அவருக்கு பி.ஆர். வந்தது. காலியான இடம், மேனேஜரோடு வாராவாரம் கிரிக்கெட் ஆடும் ஒரு தென்னாப்பிரிக்கருக்குப் போனது. இவள் அன்று மாலையே கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு சிவம் அண்ணை வீட்டுக்குப் போனாள். "உங்களுக்காவது ஆச்சேண்ணே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு பஞ்சாபிக்காரரைத் துரத்த ஆரம்பித்தாள். அவருக்கும் கிடைத்தது, ஆனால் அந்த இடத்தையே கம்பெனி எடுத்துவிட்டது. அடுத்து ஒரு பிலிப்பினோ அம்மாள். அவருக்கு பி.ஆர். வந்த மாதம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். இப்படிப் பதினோரு பேர். ஒரு வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு இவள் பெயரையே வைத்தார்கள். பெயர் கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை.

விசா ஆலோசனை சொல்ல இங்கே லைசென்ஸ் வேண்டும், தெரியுமோ? அவள் ஆலோசனையே சொன்னதில்லை. திட்டினாள். திட்டுவதற்கு எந்த நாட்டிலும் லைசென்ஸ் கேட்பதில்லை.

பன்னிரண்டாவதாக என் முறை வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். என் மனைவி எனக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அவளுக்குக் கொடுப்பாள். "போலீஸ் சர்டிபிகேட் என்னாச்சு? எக்ஸ்ரே என்னாச்சு? இங்கிலீஷ் பரீட்சைக்குத் தேதி வாங்கியாச்சா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள். நானும் சளைக்கவில்லை. திருச்சியில் நான் படித்த கல்லூரியிலிருந்து மார்க் விவரம் வாங்கவேண்டும், அதற்கு நேரில் போய் நிற்கவேண்டும், இங்கிருந்து எப்படிப் போவது என்று கையை விரித்தேன். இனி ஆறு மாசத்துக்கு நிம்மதி என்று நினைத்தேன்.

"அம்புட்டுத்தானா? எங்கப்பாவப் போகச் சொல்றேன்" என்றாள்.

மறுநாளே அந்த மனிதர் விருதுநகரில் பஸ் ஏறினார். முன்பின் தெரியாத ஒருவனுடைய மார்க்குக்காக ஒரு பகல் முழுக்கக் கல்லூரி ஜன்னலில் நின்றார். அங்கிருந்தே போன் செய்தார். நான் புத்திசாலித்தனமாக ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, கிளார்க்கு கேக்குறாரு, மூணாவது செமஸ்டர்ல நாலு அரியர் வச்ச ஆளு நீங்கதானான்னு?"

"நாலா?" என்றாள் என் மனைவி. "பொண்ணு பாக்க வந்தப்ப ஒண்ணுன்னு சொன்னீங்க!"

அந்தச் சண்டை தனிக் கதை. போனை வைக்கும் முன் அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எம்புள்ளைக்கு அங்கன வேலை அமைஞ்சிருமா? விசா இன்னும் எட்டு மாசந்தானாம்ல. எங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே சொல்லிக்கிட்டு இருக்கு."

ஸ்பீக்கரை அணைத்தேன். அதுவரை அவள் எனக்கு ஒரு தொல்லை. அன்றைக்குத்தான் என் சோம்பேறித்தனத்தை நினைத்து எனக்கே வெட்கமாகப் போனது. அந்த மாதமே எக்ஸ்ரே எடுத்தேன், ஆங்கிலப் பரீட்சை எழுதினேன், விண்ணப்பத்தையும் அனுப்பினேன். எனக்கு பி.ஆர். வந்தபோது அவள் விசாவில் ஐந்து வாரம் பாக்கி இருந்தது.

நேராக மேனேஜர் அம்மாளிடம் போய், விசாவில் இன்னொரு ஆளை எடுக்க இப்போது இடமிருக்கிறது என்று சொன்னேன். அவர் நல்லவர்தான், ஆளும் தேவைப்பட்டது. ஆனால் சட்டப்படி முதலில் உள்ளூர்க்காரர்களுக்கு விளம்பரம் கொடுக்கவேண்டும். கொடுத்தார். இவளும் மனுப் போட்டாள். உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்தான், எடுத்துக்கொண்டார்கள்.

செருப்புக் கடைக்குப் போய் நான்தான் சொன்னேன். ஏணியில் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சரிண்ணே. அண்ணிக்கும் சேத்து பி.ஆர். வந்திருச்சுல்ல? அது போதும்" என்றாள். ஏழாம் நம்பர்ப் பெட்டியை ஒன்பதாம் நம்பர் வரிசையில் வைத்தாள். பதினோரு பேர் காகிதத்தில் ஒரு எழுத்துப் பிசகாதவள் அவள். பெட்டியைச் சுட்டிக்காட்ட மனம் வராமல் வந்துவிட்டேன்.

ஆனால் இந்த நாட்டில் ஒரு புண்ணியம் உண்டு. நல்ல வேலை கிடைத்த பையன்களெல்லாம் இன்னும் நல்ல வேலைக்கு ஆஸ்திரேலியா போய்விடுவார்கள். எங்கள் பையன் பத்தாவது நாளே விமானம் ஏறினான். மேனேஜர் அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு யாராவது தெரியுமா?" என்று கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நான் பெயரைச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆபீசில் வேலை என்ன தெரியுமா? கடன் கேட்டு வருகிறவர்களுடைய காகிதங்களைச் சரிபார்ப்பது. இன்டர்வியூவில் மேனேஜர் முன் அனுபவம் பற்றிக் கேட்க, இவள் பதினோரு பேரின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் எந்த மூலையில் தப்பு வரும் என்பதுவரை சொன்னாள். "எதற்காக இத்தனை பேருக்குச் செய்தாய்?" என்று கேட்டார் மேனேஜர். "அவர்கள் நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது" என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு என் மேஜைவரை கேட்டது.

விசா முடிய ஆறு நாள் இருக்கும்போது புது விசா வந்தது. கார் நிறுத்துமிடத்தில் நின்று அப்பாவிடம் போனில் சொன்னாள். முதல் தடவையாக அவள் அழுது பார்த்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். பி.ஆருக்கு எழுதச் சட்டம் அனுமதித்த முதல் நாளே எழுதி, நாற்காலியை ஒரு வங்காளதேசத்துப் பையனுக்கு விட்டாள். அவள் வேகம் எவனுக்கு வரும்!

ஒன்று மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஆபீசில் ஆளைச் சிபாரிசு செய்ய ஒரு படிவம் உண்டு. அதில், மனுப் போடுகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். நான் யோசிக்கவே இல்லை, 'தங்கை' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் திருப்பிக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்களைச் சிபாரிசு செய்தால் இங்கே எடுக்கமாட்டார்களாம். நிஜமாகவே உன் தங்கைதானா என்று கேட்டார். வேறு படிவம் வாங்கி, அந்தக் கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அதிலெல்லாம் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.