லைட்டு அண்ணாச்சியும் என் இரண்டாவது சாவியும்

வண்டிப்பெரியாரில் ஒரு மனித முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளாமல் அறுபது வயதைத் தாண்டியவர் லைட்டு அண்ணாச்சி ஒருவர்தான். வண்டிகளின் முகம் மட்டும் அவருக்கு மறக்காது. ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். பத்து வருடப் பழக்கம். அவரோ என்னைப் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்து, ரசம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார். வாசலில் என் காரைக் கண்டதும் திரும்பி ஓடிவந்தார். "சார் வந்திருக்கியளா? வலது லைட்டுல கல்லு தெறிச்ச புள்ளியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவிக்கு இதில் தீராத குறை. "ஊருக்குப் போயிட்டு வந்தா, நெத்தியில ரெண்டு பல்பு மாட்டிக்கிட்டுத்தான் பஸ்ஸ விட்டு எறங்கணும்" என்பார்.

அண்ணாச்சி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொழிற்சாலை மூடிய பிறகு, டாக்சி ஸ்டாண்டுக்கு எதிரே பலாமரத்தடியில் ஒரு வாளியோடு உட்கார்ந்தார். இப்போதைய கார்களின் முன்விளக்கு மூடி பிளாஸ்டிக். வெயில் பட்டுப்பட்டு அது மஞ்சளாகிவிடும். மஞ்சளான விளக்கை வைத்துக்கொண்டு குட்டிக்கானத்து மூடுபனியில் பத்தடிகூடப் பார்க்க முடியாது. அந்த மஞ்சளை எடுப்பதுதான் அவர் வேலை. பழைய ஜீப் ஏதாவது வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். அதன் விளக்கு அசல் கண்ணாடி, மஞ்சளாகாது என்பதால் அந்த மரியாதை. ஜீப்காரர்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குத் தலையசைப்பார்கள்.

ஒரு டிரைவர் பற்பசையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து காட்டினான். "பல்லு வெளக்கியாச்சு. வாய் எப்ப கொப்புளிக்கும்?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி தன் வேலையைப் பார்த்தார். அடுத்த மாதமே அந்த விளக்கு முன்னைவிட மஞ்சளாக மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சுறுதி வேண்டும். முதலில் விளக்கைச் சுற்றிப் பெயிண்டின் மேல் டேப் ஒட்டுவார். பிறகு தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். மஞ்சள் தண்ணீர் போய் வெள்ளைத் தண்ணீர் வரும்வரை தேய்க்க வேண்டும். அதற்கப்புறம் இன்னும் நைசான தாள், அதைவிட நைசான தாள். இந்தக் கட்டத்தில் விளக்கு மோர் ஊற்றியதுபோல வெளுத்துப்போய், உலகத்தில் எந்தப் பாலிஷும் இனி அதைக் காப்பாற்றாது என்று தோன்றும். அண்ணாச்சி சரியாக அப்போதுதான் டீ குடிக்கப் போவார். வண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து பாலிஷ் போட்டுத் துடைத்தால், உள்ளே பல்பின் எழுத்தை வாசிக்கலாம்.

கடைசியில் வெயிலைத் தாங்க ஒரு கோட்டு. அதைப் பூசாவிட்டால் செய்ததெல்லாம் வீண். பூசிய பிறகு அன்று முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. நினைத்தால் மழை கொட்டும் எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் நனையாமல் இருக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்குகளில் பழையதை வாங்கி, காரின் மூக்கில் கட்டிவிடுவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். சாயங்காலம்தான் கிடைக்கும்.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டாண்டில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். நான் சொன்னால் நம்புவார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

சபரிமலை சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டின் இருபத்திரண்டு கார்களையும் அண்ணாச்சியிடமே கொடுத்துவிடலாம் என்று டிரைவர்கள் பேசிவைத்திருந்தார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு அவருக்கு வரவிருந்த முதல் பெரிய வேலை அது. புதிதாக இரண்டு வாளிகூட வாங்கிவிட்டார்.

அந்த வாரம்தான் என் காரை விட்டேன். பதினோரு மணிக்குக் கோட்டு பூசி முடித்தார். பன்னிரண்டுக்குக் குமுளியில் ஒரு பள்ளி விழா. நான் சிறப்பு விருந்தினர். சாவி கேட்டேன்.

"கோட்டு காயலையே சார். பஸ்ஸுல போயிட்டு வாங்க."

சிறப்பு விருந்தினர் பஸ்ஸில் போய் இறங்குவதா? அவர் டீ குடிக்கப் போனதும், என் பையில் இருந்த இரண்டாவது சாவியால் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வழியில் அறுபத்திரண்டாம் மைல் என்ற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. போதாததற்கு, விழா முடிந்து வெளியே வந்ததும், அங்கே போட்ட பொன்னாடையாலேயே விளக்குகளை அழுத்தித் துடைத்தேன்.

மறுநாள் இரண்டு விளக்கிலும் திட்டுத் திட்டாகத் தேமல். ஸ்டாண்டில் முருகேசன் குனிந்து பார்த்தான். என் பழைய மாணவன், டிரைவர்களின் செயலாளர். "என்ன சார் இது?" என்றான்.

"அண்ணாச்சியோட கைவேலை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. இருபத்திரண்டு கார்களும் விளக்குத் தேய்க்க வேறு ஊருக்குப் போவதாக முடிவாயிற்று. முருகேசன் எதிரே மரத்தடிக்குப் போய்க் கேட்டதற்கு அண்ணாச்சி, "என் கையிலதான் தப்பு வந்திருக்கும்" என்றாராம்.

காரை எடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு எவனாவது காரை எடுத்திருந்தால் படங்கை வீசிவிட்டுப் போயிருப்பான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு கற்பித்த நான், அதை நான்காக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பதின்மூன்றாம் நாள் காரை வீட்டில் விட்டுவிட்டு, குடையோடு நடந்துபோய், ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். முருகேசன், "நாங்க இப்பிடிப் பண்ணியிருந்தா பெஞ்சியில நிப்பாட்டியிருப்பிய சார்" என்றான். அதற்குள் பதினான்கு கார்கள் வெளியூர் போய் வந்துவிட்டன. மிஞ்சிய எட்டுதான் அண்ணாச்சிக்குக் கிடைத்தது. பதினான்கை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று அங்கிருந்து பலாமரத்தடிக்குப் போனேன். காரில்லாமல் போனால் என்னை யாரென்று அவருக்குத் தெரியாதே, முதலில் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குடையை மடக்கினேன். தாளை வாளியில் நனைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்க சார், நனைஞ்சிட்டியளே" என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"வண்டியக் கொண்டாங்க, திரும்பப் பூசிருவோம். ஒரு சாவி எங்கிட்டயே இருக்கு. இந்தத் தடவ ரெண்டாவது சாவியையும் குடுத்துருங்க."

கொடுத்தேன். சாயங்காலம் ஒன்றைத் திருப்பித் தந்தார். மற்றது இன்றும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நான் கேட்பதாகவும் இல்லை.