எட்டடிக் காது

செவித்திறன் குறைந்தவர்களின் துயர் துடைக்கும் பொறுப்பைக் காலம் எங்கள் கம்பெனியிடம் ஒப்படைத்ததும், அந்தக் கம்பெனியின் சமூக ஊடகப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்ததும் தற்செயலாக நடந்த காரியங்கள் அல்ல. மனிதகுலம் முன்னேறியே தீருவது என்று முடிவு செய்திருந்தது. நாங்கள் குறுக்கே நிற்க விரும்பவில்லை.

நாங்கள் காது மெஷின் செய்கிறவர்கள். 'மெஷின்' என்று சொல்லக் கூடாது, 'உரையாடல் தோழன்' என்று சொல்ல வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. சென்ற ஆண்டு மருத்துவக் கருவிகள் கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் போட்டோம். அதையும் ஸ்டால் என்று சொல்லக் கூடாது. 'அனுபவ மையம்'.

அனுபவ மையத்தின் மகுடம், தெர்மாகோலில் செய்து இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த எட்டடி உயரக் காது. அதன் துளையில் தலையை நுழைத்து செல்ஃபி எடுத்து, கம்பெனி பெயரோடு பதிவு போட்டால் ஒரு பேனா இலவசம். காதுக்கு இடம் போதவில்லை. ஆகவே டெக்னீஷியன் அக்காவின் மேஜையைத் தூக்கி, கழிவறைக்குப் போகும் நடையில் போட்டோம். அக்கா பதினெட்டு வருஷமாகக் கம்பெனியில் இருப்பவர். மெஷினைத் திறந்து மூடத் தெரிந்த ஒரே ஆள். அப்படிப்பட்டவர் படத்தில் விழுந்தால் ஸ்டால் ஏதோ ரிப்பேர் கடை மாதிரி தெரியும் என்று மேலாளர் அஞ்சினார்.

"மூணு நாள்தானே அக்கா" என்றேன்.

"எனக்கென்னப்பா. எங்க உட்கார்ந்தாலும் ஸ்க்ரூ ஸ்க்ரூதான். கோளாறுன்னு வர்றவங்க என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"ஆப்ல வழி போட்டிருக்கோம்."

போடவில்லை. போடலாம் என்று இருந்தோம்.

முதல் நாள் மதியம் ஓர் அம்மா வந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்ததால் தையற்காரர் என்று தெரிந்தது. உள்ளங்கையில் எங்கள் உரையாடல் தோழன்.

"தம்பி, இதைப் போன மாசம் வாங்கினேன். வீட்ல இருந்தா நல்லாப் பேசுது. பஸ்ல ஏறினா செத்துப்போகுது. ஒரு வார்த்தை கேட்கல."

நான் நேரலையில் இருந்தேன். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைப் பார்த்தபடியே, "கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கம்மா" என்றேன்.

"கொஞ்சம் நிமிர்ந்து சொல்லுங்க தம்பி. உதட்டைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்."

ஓர் ஆளுக்காக நானூறு பேரைக் கைவிடுவது ஜனநாயகம் ஆகாது. விரலால் பலகையைக் காட்டினேன். அவர் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, பரிசோதகரிடம் டிக்கெட்டை நீட்டுவதுபோல் பலகைக்கு நேராக நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேலாளர் பெருந்தன்மையோடு ஓர் அட்டையின் பின்புறம், 'இணையத்தில் பதிவிடவும்' என்று எழுதிக் கொடுத்தார்.

"வாயால சொல்ற புகாரை வாங்கிப் பழக்காதே" என்று பிறகு எனக்கு விளக்கினார். "பதிவாப் போட்டாத்தான் அது ஈடுபாடு. வாயால சொன்னா வெறும் சத்தம்."

சத்தத்தைப் பற்றி எங்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்த அம்மா சொன்னபடி செய்தார். மகள் வீட்டுக்குப் போய், அவளைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பதிவு போட்டுவிட்டார்: 'இந்தக் கம்பெனி மெஷினை மாட்டின நாளிலேர்ந்து ரொம்ப நிம்மதி. யார் திட்டினாலும் காதுல விழறதில்லை. பஸ் ஹாரன் தொந்தரவுகூட இல்லை. கோடி நன்றி.'

எங்களிடம் 'சமூகச் செவிமடுப்பு' என்றொரு மென்பொருள் இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் எங்களைப் பற்றி யார் முணுமுணுத்தாலும் கேட்டு, அது மகிழ்ச்சியா கோபமா என்று சொல்லும். அது இந்தப் பதிவில் 'நிம்மதி'யைக் கண்டது, 'நன்றி'யைக் கண்டது, 'கோடி'யையும் கண்டது. தொண்ணூற்றெட்டு சதவிகிதம் மகிழ்ச்சி என்று தீர்ப்பளித்தது.

"சார், இது கிண்டல் மாதிரி இருக்கே" என்றேன்.

"தொண்ணூற்றெட்டுன்னு போட்டிருக்குல்ல? மீதி ரெண்டுதான் உன் சந்தேகம்."

இத்தனை துல்லியமாக என் சந்தேகத்தை அதுவரை யாரும் அளந்ததில்லை. பதிவைப் பெரிய திரையில் ஓடவிட்டேன். இரண்டாம் நாள் மாலைக்குள் ஏழாயிரம் பேர் பகிர்ந்தார்கள். பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். சிரிப்பும் மகிழ்ச்சிதானே. அந்த அம்மாவுக்கே 'ஆண்டின் சிறந்த வாடிக்கையாளர்' விருது கொடுப்பது என்று முடிவாயிற்று. மகளின் எண்ணுக்குச் செய்தி அனுப்பி, மூன்றாம் நாள் நாலு மணிக்கு மேடைக்கு வரச் சொன்னோம்.

மெஷினைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். மேடை எங்கே என்று தெரியாமல் கழிவறை நடையில் நுழைந்ததால், எங்கள் ஆப் செய்யத் தவறியதை அவரே செய்துகொண்டார். அக்காவைக் கண்டுபிடித்தார்.

அக்கா நேருக்கு நேர் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசி, முழு விஷயத்தையும் கேட்டார். மெஷினைத் திறந்தார். பழுதில்லை. மூடி அந்த அம்மாவின் காதில் மாட்டினார். கேட்டது. தன் போனைப் பக்கத்தில் கொண்டுபோனார். செத்தது. தள்ளி வைத்தார். உயிர் வந்தது. புதிய மாடலில் நாங்கள் பெருமையோடு சேர்த்திருந்த வசதி அது. பக்கத்தில் யாருடைய ஸ்மார்ட்போன் இருந்தாலும் அதோடு உறவுகொள்ளப் பார்க்கும். உறவு கூடும்வரை வெளியுலகச் சத்தத்தை அடைத்துவிடும். மேலாளரின் சுபாவம் அப்படியே இறங்கியிருந்தது.

அந்த அம்மாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அக்கா ஓடி வந்தார்.

"சார், இந்த மாடலை யாருக்கும் குடுக்காதீங்க. போன் இருக்கிற இடத்துல எல்லாம் காது அடைச்சுடுது. ரோட்ல போறவங்களுக்கு ஆபத்து."

மேலாளர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்து, "குரூப்ல போடுங்க" என்று சைகை செய்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"நேரலை ஓடுது அக்கா. குறுக்கே வராதீங்க. குரூப்ல போட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்."

அக்கா கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பார்த்துக்கொண்டேன். அதாவது, பார்த்தேன். நீளமாக இருந்தது. ஒரு கட்டைவிரல் வைத்தேன். மொத்தம் இருபத்துமூன்று கட்டைவிரல்கள் விழுந்தன. அக்காவின் எந்தச் செய்திக்கும் இத்தனை வரவேற்பு கிடைத்ததில்லை.

நாலு மணிக்கு அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து மேடையேற்றினோம். மேலாளர் தன் கையாலேயே புத்தம்புது மாடலில் ஒரு ஜோடி மாட்டிவிட்டார்.

"இது புதுசும்மா. கோளாறே வராது."

முகத்தைக் கேமராவுக்குத் திருப்பிச் சொன்னதால் அவருக்கு அது புரிந்திருக்காது. மைக்கைப் பிடித்து, "எனக்குப் பரிசு வேணாங்க. அங்க நடையில உட்கார்ந்திருக்கிற பொண்ணு என்னமோ கோளாறு சொல்லுச்சு, அதைச் சரி பண்ணிக் குடுங்க, போதும்" என்றார். நேரலையில் அந்த இடத்துக்கு நான் இனிய குழலிசை சேர்த்திருந்தேன். ஒரு காது அடைத்து வந்தவரை இரண்டு காதையும் அடைத்து வழியனுப்பினோம்.

வாசலில் நூறு பேர் நூறு போனோடு நின்றார்கள். அவர்களைக் கடந்து ரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த வேன் மூன்று முறை ஹாரன் அடித்தது. அந்தக் காணொளியில் ஹாரன் தெளிவாகக் கேட்கும். எல்லாரும் எடுத்திருந்தார்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. தையல் மெஷினை இனி மிதிக்க முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு அக்கா போனார். நான் கூப்பிய கைகளோடு ஒரு பதிவு போட்டேன்.

முதலாளி விசாரணைக் குழு அமைத்தார். குழு நடுநிலையானது. 'பார்த்தல் வேறு, படித்தல் வேறு' என்று நிறுவி, இருபத்துமூன்று பேரையும் விடுவித்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை நேரில் அழுத்திச் சொல்லாமல், பொறுப்பின்றி அலைபேசியை நம்பியவர் என்று அக்காவை மட்டும் குற்றவாளியாகக் கண்டது. அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை, நடை நன்றாக இருக்கும் என்று, என்னையே எழுதச் சொன்னார்கள்.

அக்கா என் மேஜைக்கு எதிரே நின்று அதை நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

"இதை நீ முழுசாப் படிச்சுப் பார்த்தியாப்பா?"

"படிச்சேன் அக்கா."

பொய்யில்லை. பிழை வந்துவிடக் கூடாதே என்று முதல் எழுத்திலிருந்து கையெழுத்துவரை படித்தேன். அந்த வருஷம் நான் முழுதாகப் படித்தது அது ஒன்றுதான்.